வயதைச் சொன்ன நெல்!

ஒரு பிடி நெல்லால் தன் வயதைச் சொல்ல முடியுமா? முடியும், மாணவச் செல்வங்களே! பழனி அருகே கிடைத்த நெல், தன் வயதோடு ஒரு கல்லறையின் வயதையும் சொல்லிவிட்டது.

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல் என்ற ஊர். 2009, 2010ஆம் ஆண்டுகளில், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் இங்கு அகழாய்வு நடந்தது. அங்கிருந்தவை பெருங்கற்காலக் கல்லறைகள்.

அந்தக் காலத்தில் குழி வெட்டி, நாலு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி போல் கட்டுவார்கள். இதற்குப் பெயர் 'கற்பதுக்கை'. இறந்தவரின் எலும்புகளோடு பல பொருட்களையும் உள்ளே வைத்து, பெரிய கல்லால் மூடுவார்கள். அதைச் சுற்றிக் கற்களை வட்டமாக அடுக்குவார்கள்.

பொருந்தல் கல்லறை ஒன்றைத் திறந்தபோது ஆயிரக்கணக்கான மணிகள், இரும்புப் பொருட்கள், பானைகள் எல்லாம் இருந்தன. நான்கு கால் கொண்ட ஒரு ஜாடிக்குள் இருந்தது என்ன தெரியுமா? சுமார் 2 கிலோ நெல்! போகிறவருக்குப் பசிக்குமே என்று யாரோ அன்போடு வைத்தார்கள் போலும்.

நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிறது. அதில் 'கார்பன்-14' என்ற வகையும் கொஞ்சம் உண்டு. அறுவடைக்குப் பிறகு அது மெல்ல மெல்லக் குறையும். பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். மீதி எவ்வளவு என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 'சுமார் கி.மு. 490' என்று விடை வந்தது!

அதே கல்லறையில், பானையை நிறுத்தி வைக்கும் பிரிமணை ஒன்றும் இருந்தது. அதில் 'வய்ர' என்று தமிழ் பிராமி எழுத்துகள்! நெல்லும் எழுத்தும் ஒரே இடத்தில் இருந்ததால், எழுத்துக்கும் சுமார் 2,500 வயது என்றார் பேராசிரியர். இன்னும் சான்றுகள் வேண்டும் என்றனர் வேறு சில அறிஞர்கள். அறிவு வளர்வது இப்படித்தான்.

யோசித்துப் பாருங்கள். புதையல் தேடி யாராவது முன்பே தோண்டி, நெல்லைக் கொட்டிவிட்டு மணிகளை மட்டும் எடுத்துப் போயிருந்தால்? அந்த எழுத்தின் வயதை எதை வைத்துக் கணக்கிடுவது?

உங்கள் ஊர்க் காட்டிலோ மேட்டிலோ வட்டமாக அடுக்கிய பெரிய கற்களைக் கண்டால் தோண்டாதீர்கள். ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு ஜாடி நெல் காத்திருக்கலாம்!