விலைகளோடு ஒரு துணைக்குறிப்பு

நம் நிரலில் காய்கறி விலைகள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 40, 55, 30. இவை எந்தக் கோப்பிலிருந்து வந்தன என்பதும் கூடவே இருந்தால் நல்லது. ஆனால் கோப்பின் பெயரைப் பட்டியலிலேயே நான்காவதாகப் போட்டுவிட்டால், கூட்டல் போடும்போது இடிக்கும்.

இதற்கு க்ளோஜர் மொழியில் அழகான வழி ஒன்று உண்டு. ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்ட மொழி அது. அதில் ஒரு பட்டியலோடு 'மெட்டாடேட்டா' எனும் துணைக்குறிப்பை இணைக்கலாம். நெல் மூட்டையின் வாயில் கட்டிய சீட்டைப் போன்றது அது. எந்த வயல், எந்த நாள் என்று சீட்டு சொல்லும். உள்ளே இருப்பது அதே நெல்தான். அதனால் குறிப்புள்ள பட்டியலும் குறிப்பில்லாத பட்டியலும் சமமா என்று கேட்டால், சமம் என்றே க்ளோஜர் சொல்லும்.

இனி வருவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். குறிப்பை இணைக்கும் கட்டளை 'வித்-மெட்டா'. 'விலைகள்' என்ற பட்டியலையும் குறிப்பையும் அதனிடம் கொடுக்கிறோம். அடுத்த வரியில் 'விலைகள்' பட்டியலின் குறிப்பைக் கேட்டால், 'நில்', அதாவது ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது! கட்டளை வேலை செய்யவில்லையா? செய்தது. க்ளோஜரில் பட்டியல் ஒருமுறை உருவானால் மாறாது. அதே பட்டியலை நிரலின் வேறொரு பகுதியும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அதற்குத் தெரியாமல் நாம் எதையும் ஒட்டிவிடக் கூடாது. ஆகவே வித்-மெட்டா பழையதைத் தொடாமல், அதே விலைகளும் புதுக் குறிப்பும் கொண்ட இன்னொரு பட்டியலைத் தருகிறது. அதை வாங்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. லட்சம் விலைகள் இருந்தால் அத்தனையும் நகலாகுமோ என்று அஞ்ச வேண்டாம். இரண்டு பட்டியல்களும் உள்ளே ஒரே எண்களைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

எண்ணுக்கும் எழுத்துச்சரத்துக்கும் இந்த வசதி இல்லை. அவை ஜாவாவிலிருந்து அப்படியே வந்தவை. குறிப்பு வைக்க அவற்றில் இடம் கிடையாது.

'கான்ஜ்' கொண்டு பட்டியலில் ஒரு விலையைச் சேர்த்தால் குறிப்பும் தொடர்ந்து வரும். 'மேப்' கொண்டு எல்லா விலைகளையும் இரட்டித்தாலோ, கிடைப்பது புதிய வரிசை. குறிப்பு அதில் இராது. அதனால்தான், விலை ரூபாயிலா டாலரிலா என்பது போல விடையையே மாற்றக்கூடிய தகவலைக் குறிப்பில் வைக்காதீர்கள் என்பேன். அது தரவுக்குள்ளேயே இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்பது போன்ற செய்திக்குத்தான் குறிப்பு பொருத்தம். நாம் பெயரிட்டு எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை க்ளோஜரே இப்படித்தான் குறித்துவைக்கிறது.