கோழி லாரிக்குள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

லாரியில் போகும் கறிக்கோழிகள் கோடையில் வழியிலேயே சாவதற்கு வெயில் பாதிக் காரணம். ஈரம் மீதிக் காரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. 41 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் உடல் சூடு ஏறாமல் காக்க அதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. சிறகைச் சற்றுத் தூக்கி அடியிலுள்ள மெல்லிய தோலில் காற்றுப்பட நிற்கும். அலகைத் திறந்து இரைக்கும். கிரேட்டுக்குள் சிறகைத் தூக்க இடமில்லை. மிஞ்சுவது இரைப்புதான்.

இரைக்கும்போது மூச்சுப்பாதையின் ஈரம் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்த வழியும் அடைபடும். கோழி இன்னும் வேகமாக இரைக்கும்; ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். இரைக்கும் தசைகளின் உழைப்பும் சூட்டைக் கூட்டும்.

அடுக்கிய கிரேட்டுகள் ஓர் இட்லிப் பானை. அடியில் தண்ணீர் கொதிப்பதற்குப் பதிலாக, இங்கே ஒவ்வொரு இட்லியும் தானே ஆவி விடுகிறது. ஓரத்துக் குழியில் இருப்பதற்குப் பக்கவாட்டில் கொஞ்சம் வழி உண்டு. நடுத்தட்டின் நடுக்குழிக்கு மேலும் கீழும் பக்கமும் அடுத்த இட்லியின் ஆவிதான். வெயிலுக்கு நிழல் என்று தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது இந்தப் பானைக்கு மூடி போடுகிற வேலை.

வண்டி ஓடினால் காற்று முன்னாலிருந்து பின்னால் போகும் என்றுதான் தோன்றும். பிரிட்டனில் மால்கம் மிட்செல், பீட்டர் கெட்டில்வெல் ஆகியோரின் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. கேபின் காற்றைப் பிளந்து தள்ளுவதால், அதற்குப் பின்னுள்ள பக்கவாட்டில் அழுத்தம் குறைகிறது. வண்டியின் வால்பக்கத்தில் அழுத்தம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே பக்கங்கள் திறந்த லாரியில் காற்று பின்னால் நுழைந்து, கிரேட்டுகளின் ஊடே முன்னோக்கி நகர்ந்து, கேபினுக்குப் பின்னால் வெளியேறுகிறது. வண்டி போகும் திசையிலேயே உள்காற்றும் போகிறது! பின்வரிசைக் கோழிகள் விட்ட சூடும் ஈரமும் சேர்ந்து கடைசியில் கேபினை ஒட்டிய கோழிகளுக்கு வந்து சேர்கின்றன. மழையில் நனைந்து குளிரில் நடுங்குவது பின்வரிசை. வெயிலில் சாவது முன்வரிசை.

வண்டி நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும். 2 கிலோ கோழி ஒன்று சுமார் 10 வாட் வெப்பம் விடும். 2,000 கோழிகள் என்றால் 20 கிலோவாட். பல்லடத்திலிருந்து கேரளம் போகும் லாரி எல்லையிலுள்ள வாளையாரில் வெயிலில் வரிசையில் நிற்க நேர்ந்தால், ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே கோழிகளுக்கு ஆபத்து. இரவில் ஏற்றி விடிவதற்குள் இறக்கிவிடும் வழக்கம் இதற்குத்தான்.

சட்டங்கள் இருக்கின்றன. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் பிறந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இலும், விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள் 1978இலும் வந்தன. அந்த விதிகளில் கோழிக்கென ஓர் அத்தியாயம் சேர 2001 வரை ஆயிற்று.

இப்போது சென்சாரும் செயலியும் பொருத்திய ‘ஸ்மார்ட்’ வண்டிகள் இந்தத் துயரத்தைத் தீர்த்துவிடும் என்கிறார்கள். வெப்பத்தை மட்டும் அளந்து ஈரப்பதத்தை விட்டுவிடும் கருவியாலும், பின்கதவில் தொங்கும் கருவியாலும் முன்வரிசைக் கோழியின் நிலையைச் சொல்ல முடியாது. பக்கங்களைத் திறந்து வைப்பதும், கிரேட்டுக்குக் கோழி எண்ணிக்கையைக் குறைப்பதும், வரிசைகளுக்கிடையே இடைவெளி விடுவதும் செலவு குறைந்த, உறுதியான வழிகள்.

நாய்க்கும் இரைப்புதான் குளிர்ச்சி. ஈரம் ஆவியாகும் பரப்பு மூக்கினுள் குறைவு என்பதால் பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைச் சரக்கறையில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. வளர்ப்பு நாயை வெளியூர் கொண்டுபோகிறவர்கள், கூண்டின் பக்கங்களில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, அவற்றைப் பெட்டிகள் அடைக்கின்றனவா என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் நாயை விட்டுப் போகாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தூக்க மருந்து கொடுக்காதீர்கள். அது இரைப்பதையும் மந்தமாக்கிவிடும்.