லேசர் தையலும் 65 டிகிரியும்

1979-லேயே நுண்ணிய ரத்தக் குழாய்களை ஜெயின், கோரிஷ் என்ற ஆய்வாளர்கள் லேசரால் ஒட்டிக் காட்டிவிட்டார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். இருந்தும் தோலில் வெட்டு என்றால் இன்றும் ஊசியும் நூலும்தான். லேசருக்குச் சக்தி போதாமல் இல்லை. அது எவ்வளவு சுடுகிறது என்று அந்தந்த நொடியில் தெரியாததுதான் சிக்கல்.

தோலுக்கு வலு தருவது கொலாஜன். மூன்று சரங்களாக முறுக்கிய புரதம். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முறுக்கு அவிழ ஆரம்பிக்கிறது. வெட்டின் இரு கரையிலும் அவிழ்ந்த சரங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். கூடவே அல்புமின் கரைசலைத் தடவினால் பிடிப்பு கூடும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுகிறதே, அதே வேலைதான். சூடு குறைந்தால் காயம் பிளந்துகொள்ளும். மிஞ்சினால் திசு வெந்து, ஆற நாளாகி, தழும்பும் தடிக்கும்.

முன்பெல்லாம் அளவுகோல் மருத்துவரின் கண்தான். தோல் வெளுக்கிறதா, சுருங்குகிறதா என்று பார்த்து லேசரை நிறுத்துவார்கள். வெளுப்பு கண்ணுக்குப் படும்போது சூடு மிஞ்சியிருக்கவும் கூடும். ஒருவர் கைக்குச் சரியாக வந்தது இன்னொருவருக்கு வராததில் வியப்பில்லை.

டெல் அவீவ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆப்ரஹாம் கட்சிர் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் எடுத்தது கார்பன் டை ஆக்சைடு லேசர். (1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர்.) அதன் 10.6 மைக்ரான் ஒளி சாதாரணக் கண்ணாடி இழைக்குள் போகாது; வெள்ளி குளோரைடும் புரோமைடும் கலந்த இழைக்குள் போகும். ஒட்டுவதற்கு ஏற்ற சூடான 65 டிகிரியில் இருக்கும் தோல் வீசும் அகச்சிவப்புக் கதிரும் 9 மைக்ரானை ஒட்டித்தான் உச்சம் கொள்கிறது. ஆகவே அதே வகை இழை இரண்டு போதும். ஒன்று சூட்டைக் கொண்டுவரும். பக்கத்து இழை தோலின் கதிரை உணர்கருவிக்கு எடுத்துப்போகும். தோலைத் தொடாமலே வெப்பத்தைக் கணக்கிட்டு, லேசரின் வீச்சைக் கணினி கூட்டிக் குறைக்கும்.

பித்தப்பையை அகற்றிக்கொண்ட 10 பேரிடம் இதைச் சோதித்தார்கள். லேப்ராஸ்கோப்பி முடிந்தபின் ஒவ்வொருவர் வயிற்றிலும் 4 வெட்டுகள்; இரண்டுக்கு நூல், இரண்டுக்கு லேசர். இரண்டு முறையும் ஒரே உடம்பில் என்பதால், ஆளுக்கு ஆள் மாறும் ஆறும் தன்மை ஒப்பீட்டைக் கெடுக்காது. லேசர் வெட்டுகள் நன்றாகவே ஆறின. ஆனாலும் 10 பேரை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

ஒரு குறையும் உண்டு. இந்த லேசரின் ஒளியைத் தோலிலுள்ள நீர் மேற்பரப்பிலேயே குடித்துவிடும். உணர்கருவிக்குத் தெரிவதும் மேற்பரப்பின் சூடுதான். மில்லிமீட்டர் கணக்கில் கீழே இருக்கும் தோலுக்கு வெப்பம் மெல்லப் பரவித்தான் சேரவேண்டும். அவசரப்பட்டு வீச்சைக் கூட்டினால் மேலே கருகும், அடியில் ஒட்டியிருக்காது. இதற்காகவே சிலர் அல்புமினில் இண்டோசயனின் பச்சைச் சாயத்தைக் கலந்து, 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு லேசரைப் பாய்ச்சுகிறார்கள். அந்த ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கும். சாயம் இருக்கும் இடத்தில்தான் அதிகம் சுடும். அங்கே வெப்பத்தை அளப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.