கட்டுரையின் தலைவாயில்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாய் நீண்டு கிடக்கும் நம் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் தம் குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரிப் படி ஏறுகின்றனர். தந்தை வலை இழுப்பவராகவோ, துறைமுகத்தில் சுமை ஏற்றுபவராகவோ, தொழிற்சாலையில் இரவுப் பணி பார்ப்பவராகவோ இருப்பார். கட்டணம் கட்டியாயிற்று, புத்தகமும் வாங்கியாயிற்று. ஆயினும், வெள்ளைத் தாளை முன்னே வைத்துக்கொண்டு முதல் பத்தியை எழுத முடியாமல் பிள்ளை தவிக்கும்போது பெற்றோர் செய்வதறியாது நிற்கின்றனர்.

அண்மையில் அத்தகைய தாய் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார். இளங்கலை இறுதியாண்டு படிக்கும் அப்பெண் எழுத வேண்டிய கட்டுரை எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. அவள் எழுதியிருந்த முகவுரையின் கீழே, "இதில் உன் கேள்வி எங்கே?" என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருந்தார். ஒரு வாரத்துக்குள் மீண்டும் எழுதித் தர வேண்டும். "இவளுக்குப் படிப்பு வராது போலிருக்கிறது, எனக்கோ எழுத்தே தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?" என்று தாய் கண்கலங்கினார்.

தாளை வாங்கிப் படித்தோம். உலகம் தோன்றிய நாள்முதல் நீரின்றி மனிதன் வாழ்ந்ததில்லை என்று அது தொடங்கியது. பின்னர் நதிக்கரை நாகரிகங்கள் வந்தன. இயற்கை அன்னையின் புகழ் வந்தது. ஒன்பதாம் வரியில்தான் எண்ணூர் எட்டிப் பார்த்தது. பிழையான வாக்கியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டு வரிகளை வைகையைப் பற்றிய கட்டுரைக்கும் வைக்கலாம். காவிரியைப் பற்றிய கட்டுரைக்கும் வைக்கலாம். குறை அங்கேதான் இருந்தது.

தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, "அம்மா, உண்மையில் நீ எதை அறிய விரும்புகிறாய்?" என்று கேட்டோம். சற்று நேரம் மௌனமாயிருந்தவள் சொன்னாள்: "கடலில் எண்ணெய் கலந்தால் எத்தனை படகு, எத்தனை வலை பாழாயிற்று என்று எண்ணிவிடலாம். என் பாட்டி கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து தெருத்தெருவாய் விற்பவர். அவருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவருடைய நட்டத்தை எப்படி எண்ணுவது?"

பேராசிரியர் தேடிய கேள்வி இதுவே. அவள் மனத்தில் இருந்த அது தாளுக்கு வந்து சேரவில்லை.

முன்னோர் காட்டிய வழி

முகவுரை என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமையன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பாயிரத்தின் இலக்கணத்தை விரிவாக வகுத்துள்ளார். நூலின் பெயர், செய்தவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, அமைப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டும். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. வீரமாமுனிவரும் தமது தேம்பாவணியைப் பாயிரத்துடனேயே தொடங்கினார். எதைப் பற்றி, எவ்வளவு தூரம், எந்த முறையில், எவருக்காக, என்ன பயன் கருதி என்பவற்றை முகப்பிலேயே உரைப்பது நம் மரபு.

நாம் திருப்பலியில் கேட்கும் நற்செய்திகளுள்ளும் ஒரு சிறந்த முகவுரை உண்டு. புனித லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை எடுத்துப் பாருங்கள். தமக்கு முன்னரே பலர் இப்பொருளை எழுத முயன்றிருப்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். கண்ணால் கண்டவர்களிடமிருந்து செய்தி வந்த வழியைக் குறிக்கிறார். தாமும் தொடக்கமுதல் யாவற்றையும் ஆய்ந்ததையும், ஒழுங்காக எழுத முற்பட்டதையும் கூறுகிறார். எவருக்காக எழுதுகிறார் என்பதைத் தியோபில் என்னும் பெயரால் சுட்டுகிறார். கற்றவை உறுதியானவை என்று அவர் அறிய வேண்டும் என்ற பயனையும் சொல்லி முடிக்கிறார். நான்கே வசனங்கள், வீண்சொல் ஒன்றுமில்லை.

நம் காலத்தில் ஜான் சுவேல்ஸ் என்னும் மொழியியல் அறிஞர், ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றின் முகவுரைகளை ஆராய்ந்து 1990-இல் நூலொன்று வெளியிட்டார். அவர் கண்ட அமைப்பு மூன்று படிகள் கொண்டது. முதலில், ஆராயும் களத்தையும் அதன் முக்கியத்துவத்தையும் காட்டுதல். இரண்டாவது, அக்களத்தில் இன்னும் விடைபெறாத இடத்தைச் சுட்டுதல். மூன்றாவது, அவ்விடத்தை நிரப்ப இக்கட்டுரை என்ன செய்கிறது என்று கூறுதல். களம், வெற்றிடம், வேலை என்று பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் எழுதிய பத்தி

இவற்றைக் கேட்டுச் சென்ற மாணவி மூன்று நாட்கள் கழித்துக் கொண்டுவந்த பத்தி இது:

"2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தை அடைந்தது. இத்தகைய வேளைகளில் படகுக்கும் வலைக்கும் நேரும் சேதம் கண்ணுக்குத் தெரிவது. கரையில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் பெண்களின் இழப்போ அவ்வாறு தெரிவதில்லை. அதனை எவ்வாறு அளக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 2023-இல் பாதிக்கப்பட்ட எங்கள் குப்பத்துப் பெண்களிடம் நேரில் கேட்டறிந்த செய்திகளே இதற்கு ஆதாரம். முதலில் அவர்களுடைய அன்றாட வரவு செலவும், அடுத்து வியாபாரம் நின்ற நாட்களும், இறுதியாக அந்நாட்களில் வாங்கிய கடனும் ஆராயப்படுகின்றன. நாள் வருமானத்தோடு கடனுக்கான வட்டியையும் சேர்த்தாலன்றி உண்மையான இழப்பு விளங்காது என்று இக்கட்டுரை வாதிடுகிறது."

இதில் களம் உண்டு, வெற்றிடம் உண்டு, செய்யும் வேலையும் உண்டு. முடிவு என்ன என்பதும் மறைக்கப்படவில்லை. மர்மக் கதையில் முடிவை ஒளித்து வைக்கலாம். கல்விக் கட்டுரையில் அவ்வாறு செய்தல் படிப்பவரை அலைக்கழிப்பதாகும்.

பிள்ளைகள் மனத்தில் கொள்ள வேண்டியவை

முகவுரை முதலில் நிற்பது. ஆயினும் கடைசியில் எழுதத் தக்கது. தொடக்கத்தில் கேள்வியை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொண்டு, கட்டுரை முழுவதையும் எழுதிய பின்னர் முகவுரையைச் செம்மை செய்க. எழுதும்போது கருத்து மாறுவது இயல்பு. மாறியதற்கேற்ப வாயிலையும் திருத்த வேண்டும்.

முதல் வாக்கியத்தை வேறொரு கட்டுரையின் தலையில் வைத்துப் பார்க்க. அங்கும் அது பொருந்துமாயின் அடித்துவிடுக. அகராதிப் பொருளையும் பெரியோர் பொன்மொழியையும் தேவையின்றி முன்னே நிறுத்தாதீர். முகவுரையில் வாக்களித்ததைக் கட்டுரையில் தவறாது கொடுங்கள். அளவு, கட்டுரையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

இன்று கைப்பேசியிடம் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் ஒரு முகவுரையைத் தந்துவிடுகிறது. அது வழுவழுப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டியின் மீன் கூடையை அது சுமந்ததில்லை. கேள்வி பிள்ளையுடையதாக இல்லாவிடில் கட்டுரையும் பிள்ளையுடையதன்று. அதைத் தன் பெயரால் கொடுப்பது உண்மைக்கும் மாறானது.

பெற்றோர் செய்யக்கூடியது

எழுத்தறியாத தாயால் என்ன செய்ய முடியும்? மூன்று கேள்விகள் கேட்க முடியும். இரவு உணவின்போது, "நீ எதைக் கண்டுபிடிக்கப் போகிறாய்? அது யாருக்கு வேண்டும்? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி பிள்ளை வாயால் சொல்லிவிட்டால் முகவுரையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உங்களுக்கு விளங்கவில்லையாயின், குற்றம் உங்களிடம் என்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

அந்த மாணவியின் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பேராசிரியர், முடிவுரை இன்னும் வலுப்பெற வேண்டும் என்று மறுபடியும் சிவப்பு மையில் எழுதினாராம். ஆனால் இம்முறை அவள் அழவில்லை. முடிவுரையைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

இராயபுரம் என்ற பெயரே, அங்குக் கோயில் கொண்டுள்ள இராயப்பரால் வந்தது என்பர். அவரும் மீனவர், கல்வியறிவற்றவர் என்று தலைமைச் சங்கத்தார் வியந்த மனிதர். பெந்தகோஸ்து நாளன்று அவர் பேச எழுந்தபோது, இவர்கள் குடித்திருக்கிறார்களோ என்ற ஐயம் கூட்டத்தில் இருந்தது. அவர் அந்த ஐயத்தையே முதலில் எடுத்து, அதற்கு விடை கூறித் தம் உரையைத் தொடங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூல் சாற்றுகிறது. கேட்போர் நெஞ்சிலுள்ள கேள்வியிலிருந்து தொடங்குவதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ? நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் சொல்வதற்குச் செய்தி உண்டு. அதற்கு நல்லதொரு வாயில் அமைக்க அவர்களுக்குத் துணை நிற்போம்.