ரிமோட் டிரக் கவிழ்கிறதா? புதிய பாகம் வாங்கும் முன் அப்சோர்பரைப் பாருங்கள்

வார இறுதி வந்துவிட்டால் தோட்டத்துத் திடலிலும், பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளின் காலி நிலத்திலும் ரிமோட் டிரக்குகளின் சத்தம் கேட்கிறது. 1/10 அளவுள்ள பந்தய டிரக் ஒன்றை வாங்கப் பல நூறு ரிங்கிட் ஆகும். பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கியவர்களும் உண்டு. அப்படி வாங்கிய டிரக் வளைவில் கவிழ்ந்தாலோ, மேட்டில் தாவி இறங்கும்போது சஸ்பென்ஷன் கை உடைந்தாலோ, உடனே விலை உயர்ந்த அப்சோர்பர் அல்லது வேகமான மோட்டார் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். பல சமயம் கோளாறு பாகத்தில் இல்லை. அது பொருத்தப்பட்ட அளவில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஓர் அடிக்கோலும் சிறிது பொறுமையும் போதும்.

ஜப்பானின் தாமியா நிறுவனம் தனது முதல் ரிமோட் காரை 1976-இல் வெளியிட்டது. அன்று முதல் இன்றுவரை வடிவங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் ஸ்பிரிங், எண்ணெய் நிரப்பிய அப்சோர்பர், தரை இடைவெளி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

முதலில் சோதனை

எந்த அளவையும் மாற்றுவதற்கு முன், அப்சோர்பரைக் கழற்றிவிட்டுச் சஸ்பென்ஷன் கையைத் தூக்கி விடுங்கள். அது தன் எடையிலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் செம்மண் அடைத்திருக்கலாம், அல்லது ஊசி வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எதை மாற்றினாலும் பயனில்லை.

தரை இடைவெளி

சேசிஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள தூரமே தரை இடைவெளி. ஓட்டும்போது இருக்கும் எடையோடு, அதாவது பேட்டரியைப் பொருத்திய பிறகே, இதை அளக்க வேண்டும். சமமான மேசையில் டிரக்கை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு, அது அமர்ந்த பிறகு முன்னும் பின்னும் அளக்கவும். பந்தயத் தளத்தில் ஓடும் 1/10 டிரக்கிற்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை நல்ல தொடக்கம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இடைவெளி கூடினால் எடையின் மையம் மேலே போகும். டயர் நன்றாகப் பிடிக்கும் தரையில் திரும்பும்போது டிரக் கவிழும். மிகவும் குறைத்தால் மேடு பள்ளங்களில் அடிப்பகுதி தட்டி, டிரக் திசை மாறும். வெயிலில் காய்ந்து இறுகிய சமமான செம்மண்ணுக்குக் கொஞ்சம் தாழ்த்தலாம். மழைக்குப் பிறகு சக்கரத் தடம் விழுந்த தரைக்குக் கொஞ்சம் உயர்த்தலாம்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அப்சோர்பரின் மேல் வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வளையம் டிரக்கின் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. ஸ்பிரிங்கின் கடினம் மாற வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கும் எண்ணெயும்

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. எண்ணெய் மிக மெல்லியதாக இருந்தால் தாவி இறங்கிய டிரக் பந்துபோல் துள்ளும். மிகத் தடித்ததாக இருந்தால் சிறு கற்களில்கூட டயர் தரையை விட்டு எழும்பும்.

கையால் டிரக்கை அழுத்தி விடுங்கள். அது ஒரே சீராக எழுந்து, மீண்டும் ஆடாமல் நிற்க வேண்டும். அடுத்து முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கி, தட்டையாக விழ விடுங்கள். அடிப்பகுதி தரையை மெல்லத் தொட்டால் போதும். 'டப்' என்று அடித்தால் ஒரு படி தடித்த எண்ணெய் தேவை. எண்ணெய் நிரப்பும்போது பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை சில நிமிடங்கள் காத்திருங்கள். இடது வலது அப்சோர்பர்கள் இரண்டும் ஒரே மாதிரி இயங்க வேண்டும்.

எண்ணெய்ப் போத்தலில் 30, 35, 40 என்று எண்கள் இருக்கும். எண் கூடினால் எண்ணெய் தடிப்பு. ஒரு நிறுவனத்தின் 30-ம் மற்றொரு நிறுவனத்தின் 30-ம் சமமாக இருக்கும் என்பதில்லை. ஆகவே ஒரே நிறுவனத்தின் எண்ணெயைத் தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. சூட்டில் எண்ணெய் இளகும் என்பதால், காலையில் சரியாக இருந்த டிரக் உச்சி வெயிலில் சற்றுத் துள்ளலாம்.

முன்னா, பின்னா?

வளைவில் டிரக் திரும்ப மறுத்து நேராகப் போனால், முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கிப் பாருங்கள். வேகம் கொடுக்கும்போது பின்பக்கம் வழுக்கினால், பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம். மென்மையான பக்கத்துக்குப் பொதுவாகப் பிடிமானம் கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்து சுற்று ஓட்டிப் பார்த்து, தரை எப்படி இருந்தது, எதை எவ்வளவு மாற்றினோம், டிரக் என்ன செய்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிள்ளைகள் இதில் செலவிடும் நேரம் வீண் என்று பெற்றோர் நினைக்கத் தேவையில்லை. பட்டறையில் காரின் அப்சோர்பரைச் சோதிக்கும் மெக்கானிக்கும் இதே ஸ்பிரிங்கையும் எண்ணெயையும்தான் பார்க்கிறார். அளந்து, ஒன்றை மாற்றி, விளைவைக் குறித்து வைக்கும் பழக்கம் எந்தத் தொழிலுக்கும் கைகொடுக்கும்.