அருகில் கட்டடம் எழும்போது நோயாளரின் உறக்கம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, "மருந்தெல்லாம் தவறாமல் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் வரவில்லை" என்று கூறுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். விசாரித்தால், பக்கத்து மனையில் எழும் அடுக்குமாடியோ தெருமுனையில் நடக்கும் மெட்ரோ பணியோ காரணமாக இருப்பதுண்டு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டுமே ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுடையது. நகரம் வளரத்தான் வேண்டும். ஆனால், அந்த வளர்ச்சியின் இரைச்சல் யாரை எவ்வளவு தாக்கும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியும், மதிப்பிடவும் வேண்டும்.

உறங்காத செவி

நாம் உறங்கும்போதும் செவி விழித்திருக்கிறது. திடீரென ஓர் ஒலி எழுந்தால், கண் திறக்காவிட்டாலும் இதயத் துடிப்பு விரைகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆழ்ந்த உறக்கம் கலைகிறது. நீண்டகாலப் போக்குவரத்து இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவமனை வார்டுகளில் இரவுச் சராசரி 30 டெசிபலையும், தனித்தனியே எழும் ஒலிகள் 40 டெசிபலையும் தாண்டக் கூடாது.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில், பணி தொடங்கும் முன் அப்பகுதியில் பகலிலும் இரவிலும் உள்ள ஒலியளவைப் பதிவு செய்கின்றனர். அடுத்து, பைலிங் இயந்திரம், கான்கிரீட் லாரி, ஜெனரேட்டர் ஆகியவை எழுப்பும் ஒலியைக் கணித்து, அருகிலுள்ள வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகளை அது எந்த அளவில் வந்தடையும் எனக் கணக்கிடுகின்றனர். திறந்த வெளியில் ஓர் இயந்திரத்திலிருந்து உள்ள தூரம் இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கணித்த அளவு வரம்பை மீறினால், தடுப்புச் சுவர், இயந்திரத்துக்கு உறை, பணி நேர மாற்றம் போன்றவை பரிந்துரைக்கப்படும்.

2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. அதனினும் சிறிய கட்டடங்களுக்கும் ஒலி விதிகள் பொருந்தும்.

சராசரி மறைப்பது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பின்னணி ஒலி 35 டெசிபல் என்று கொள்வோம். இடையே பத்து லாரிகள், ஒவ்வொன்றும் 15 விநாடிகள் 60 டெசிபல் ஒலி எழுப்பிச் செல்கின்றன. எட்டு மணி நேரச் சராசரியோ ஏறத்தாழ 39 டெசிபல்தான். அமைதி மண்டலத்தின் இரவு வரம்பு 40 என்பதால், தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். நோயாளரின் உறக்கமோ பத்து முறை கலைந்திருக்கக்கூடும். ஆகவே, சராசரியோடு உச்ச ஒலியும் அது எத்தனை முறை எழுந்தது என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும் என்பதே மருத்துவர்களாகிய எங்கள் கருத்து.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஒலி மாசு விதிகள், 2000இன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பாகும். அமைதி மண்டலத்தில் முறையே 50, 40. இவ்விரு பகுதிகளிலும் இரவில் ஒலியெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. இரவுத் தடை மீறப்பட்டாலோ, ஒலி வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தாலோ எவரும் புகார் அளிக்கலாம்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

• ஒலி எழுந்த நாள், நேரம், கால அளவு, நோயாளர் விழித்த வேளை ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வையுங்கள். புகாருக்கும் சிகிச்சைக்கும் அது உதவும்.
• நோயாளரின் கட்டிலைப் பணியிடத்துக்கு எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் அளவு தோராயமானதே.
• பணியிடப் பொறுப்பாளரிடம் முதலில் நேரில் பேசுங்கள். பயன் இல்லையெனில் காவல் துறையை அணுகுங்கள்.
• காதடைப்பான் பயன்படுத்தும் முன் கேளுங்கள். காதில் சீழ் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.
• தூக்க மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டையும் மருந்துச் சீட்டோடு கொண்டு வாருங்கள். இரத்த அழுத்தம் கட்டுப்படாததற்கு மருந்தின் அளவு காரணமா, கலைந்த உறக்கம் காரணமா என்பதை ஆராய அது எங்களுக்குத் துணை செய்யும்.