மழைக்கு முன்னால் வாங்கிய குடை

2021இல் வீவக வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூன்று ஆண்டுகளுக்கு மாறாத வட்டி. மற்றொன்று, சந்தையோடு ஏறி இறங்கும் வட்டி. இரண்டாவது சற்றுக் குறைவு. மாதம் சில பத்து வெள்ளி மிச்சமாகுமே என்று அதையே எடுத்தேன்.

என்னோடு வானொலியில் வேலை செய்யும் ஒலிப்பதிவாளர் அண்ணன் மாறாத வட்டியை எடுத்தார்.

“ஏண்ணே, வட்டி இப்ப எங்க ஏறப்போகுது? வீணா அதிகம் கட்டுறீங்களே.”

“ஏறாதுன்னு எல்லாரும் சொல்றதாலதான் தம்பி குடை மலிவா கிடைக்குது” என்று சிரித்தார்.

மறு ஆண்டே மழை கொட்டியது. பணவீக்கம் தற்காலிகமானது என்று 2021இல் சொல்லிவந்த அமெரிக்க மத்திய வங்கி, 2022இல் ஏழு முறை வட்டியை உயர்த்தியது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி, டிசம்பரில் 4.25 முதல் 4.50 விழுக்காடு வரை போனது. நமது நாணய ஆணையம் பணவீக்கத்தைக் கையாள வெள்ளியின் மதிப்பைத்தான் கருவியாகக் கொள்கிறது, வட்டியை அல்ல. அதனால் அமெரிக்க வட்டி ஏறினால் இங்கும் ஏறும்.

400,000 வெள்ளிக் கடனில் வட்டி 1 விழுக்காடு ஏறினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 வெள்ளி கூடுதல் செலவு. எனக்கு ஏறியது 2 விழுக்காட்டுக்கும் மேல். மகளின் பாலர் பள்ளிக்கு ஒதுக்கிய பணம் வங்கிக்குப் போனது. அலறியடித்து மாறாத வட்டி கேட்டேன். 4 விழுக்காட்டுக்கும் மேல் சொன்னார்கள். மழை பெய்யும்போது குடை விலை அப்படித்தான்.

அண்ணனோ தமது கையிருப்பைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போட்டார். டிசம்பர் 2022 வெளியீட்டின் பத்தாண்டுச் சராசரி வட்டி 3.47 விழுக்காடு. வீட்டுக் கடனுக்குக் கட்டுவதைவிட, சேமிப்புக்கு வந்த வட்டி அதிகம்!

இம்முறை விடக்கூடாது என்று நானும் கிளம்பினேன். அதே டிசம்பரில் ஆறு மாத டி-பில் 4.40 விழுக்காடு தந்தது. அண்ணனை முந்திவிட்ட பெருமையோடு அவரிடம் சொன்னேன்.

“ஆறு மாசம் கழிச்சு அந்தப் பணத்தை எங்க போடுவ?” என்று மட்டும் கேட்டார்.

2025இல் டி-பில் வட்டி 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியபோதுதான் அந்தக் கேள்வி புரிந்தது. வட்டி ஏறும் என்பதை முதலில் மறந்தேன். இறங்கும் என்பதை அடுத்து மறந்தேன்.

அண்ணன் ஜோசியம் பார்க்கவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். ‘நடக்காது’ என்று ஊரே சொல்வது நடந்தால் என் வீட்டுக்கு என்ன அடி? அதைத் தடுக்க இன்று என்ன விலை? அடி பெரிதாகவும் விலை சிறிதாகவும் இருக்கும் இடத்தில்தான் வாய்ப்பு இருக்கிறது.

வட்டி ஏறாமலே போயிருந்தால் அவருக்கு நட்டம் மாதம் சில பத்து வெள்ளி. சேமிப்புப் பத்திரமும் அப்படித்தான். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். எந்த மாதமும் அபராதமின்றிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கணிப்பு தவறினாலும் கை சுடாது.

அதற்காகப் பயமுறுத்தும் செய்தியெல்லாம் வாய்ப்பாகிவிடாது. எல்லோரும் பயந்த பிறகு பாதுகாப்பின் விலையும் ஏறியிருக்கும்.

இப்போது கடனைப் புதுப்பிக்கும் நேரம் வந்தால், நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் அந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறோம். எந்த வங்கியில் வட்டி குறைவு என்பது அப்புறம்தான்.